பழைய பெட்டி டிவியில் பழுது கண்டுபிடிப்பது எப்படி?

பிக்சர் டியூப் வைத்த பெட்டி டிவியைக் கடைகளில் இப்போது பார்க்க முடியாது. வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2006-இல் தொடங்கிய அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குல செட், அதற்கும் முன்னால் தவணையில் வாங்கிய 20 அங்குல டயனோரா, சாலிடேர், ஓனிடா என்று ஏதாவது ஒன்று பரணிலோ பாட்டியின் அறையிலோ இருக்கும். பழைய வீடியோ கேம் விளையாடுகிறவர்கள் தேடிப்பிடித்து வாங்குவதும் இதைத்தான். பழுதானால் பார்க்கத்தான் ஆள் இல்லை. தெருமுனையில் கடை வைத்திருந்த மெக்கானிக்குகள் பலரும் எல்.இ.டி. டிவி, கேமரா வேலை என்று மாறிவிட்டார்கள்.

சால்டரிங் அயன் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டரில் வோல்ட்டும் ஓமும் அளக்கத் தெரியும், ஆனால் டிவியைத் திறந்ததில்லை என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் மூடியைக் கழற்றியதும் எதையாவது மாற்றப் பார்ப்பார்கள். பெட்டி டிவியில் அது பணத்தைத் தின்னும் வழி. எந்தப் பகுதியில் கோளாறு என்பதைத் திரையும் சத்தமும் முன்கூட்டியே சொல்லிவிடும். பொருளை மாற்றுவது கடைசி வேலை.

திறப்பதற்கு முன்னால்

இந்தப் பெட்டிக்குள் ஆபத்தான இடங்கள் இரண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. பிக்சர் டியூபின் மேல்பக்கத்தில் தடித்த வயரோடு ரப்பர் தொப்பி ஒன்று ஒட்டியிருக்கும். இதுதான் ஆனோடு, கடைப் பேச்சில் இ.எச்.டி. 20, 21 அங்குல கலர் செட்டில் இங்கே சுமார் 25,000 வோல்ட் வரை இருக்கும். டியூப் கண்ணாடிக்கு உள்ளே ஒரு பூச்சு, வெளியே கறுப்பாக இன்னொரு பூச்சு இருப்பதால் டியூபே ஒரு கண்டென்சராக வேலை செய்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் அங்கேயே நிற்கும்.

இரண்டாவது இடம் மெயின் கண்டென்சர். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி., பிரிட்ஜ் டயோடுகளைத் தாண்டியதும் சுமார் 320 வோல்ட் டி.சி. ஆகிறது. 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதிய தடித்த கண்டென்சரில் அது தேங்குகிறது. ஓடுகிற செட்டை அணைத்தால் அந்தச் சார்ஜை செட்டே சீக்கிரம் இழுத்துவிடும். பவர் சப்ளை செத்துப்போன செட்டில் அதை இழுக்க எதுவும் இல்லை, அப்படியே கிடக்கும். நீங்கள் திறக்கப் போவதோ பெரும்பாலும் அந்தச் செத்த செட்டைத்தான். என்னைக் கேட்டால் ஆனோடை விட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

ஆகவே, செய்ய வேண்டிய வரிசை இது:

1. பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தது போதாது.

2. கைப்பிடி நன்றாக இன்சுலேட் ஆன, நீண்ட மெல்லிய ஸ்குரூ டிரைவரை எடுங்கள். கிளிப் வயரின் ஒரு முனையை அதன் உலோகத் தண்டில் மாட்டுங்கள். மறுமுனையை டியூபின் முதுகில் குறுக்காக ஓடும் பின்னல் எர்த் வயரில் மாட்டுங்கள். போர்டில் ஏதோ ஒரு எர்த்தில் மாட்டாதீர்கள். அந்தச் சார்ஜ் ஐ.சி.க்கள் வழியாகப் பாயும்.

3. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்குரூ டிரைவர் முனையை ரப்பர் தொப்பிக்கு அடியில் மெதுவாக நுழைத்து உள்ளே இருக்கும் கொக்கியைத் தொடுங்கள். பட்டென்று ஒரு சத்தம் வரலாம், வராமலும் போகலாம். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை தொடுங்கள். கண்ணாடியில் தங்கிய மிச்சச் சார்ஜ் திரும்ப ஏறிவரும்.

4. மெயின் கண்டென்சரின் இரு காலுக்கும் குறுக்கே, ஹோல்டரில் போட்ட 60 வாட் குண்டு பல்பின் வயர்களை வைத்து இறக்குங்கள். ஸ்குரூ டிரைவரால் நேரடியாகத் தொட்டால் பெரிய பொறி பறந்து போர்டின் செம்புத் தடம் உரியும். இறக்கிய பிறகு மீட்டரை வைத்து சில வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

டியூபின் கழுத்து மெல்லியது, உள்ளே வெற்றிடம். போர்டை வெளியே இழுக்கும்போது கழுத்தில் இடிக்கவோ அதைப் பிடித்துத் தூக்கவோ கூடாது. வெறுங்காலோடு ஈரத்தரையில் உட்கார்ந்து செய்கிற வேலையும் இல்லை இது; காய்ந்த மரப்பலகையோ ரப்பர் பாயோ போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டாவது ஆள் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

25 வாட் சால்டரிங் அயன், 60/40 ஈயம், பேஸ்ட், பழைய ஈயத்தை உறிஞ்ச ஒரு சக்கர், டிஜிட்டல் மல்டிமீட்டர், பழைய பெயிண்ட் பிரஷ். இவை எல்லோரிடமும் இருப்பவை. டிவி வேலைக்கென்று தனியாகச் செய்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: சீரிஸ் பல்பு.

ஒரு மரப்பலகையில் பல்பு ஹோல்டரும் சாக்கெட்டும் வைத்து, ஃபேஸ் வயர் பல்பு வழியாகப் போய் சாக்கெட்டுக்கு வரும்படி இணையுங்கள். 100 வாட் குண்டு பல்பு போடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பல்பேதான் வேண்டும். பழுதான செட்டை முதல்முறை எப்போதும் இந்த சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட்டுக்குச் சேதம் வராது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரிய ஷார்ட் எதுவும் இல்லை என்று பொருள். பல்பு போட்ட நிலையில் செட் முழுதாக ஓடாமல் திணறலாம், அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

இதில் ஒரு பொடி விஷயம். கலர் செட்டில் டியூபைச் சுற்றி டிகாசிங் காயில் என்ற கறுப்பு வளையம் ஓடும். சுவிட்ச் போட்டதும் அது சில நொடி நிறைய கரண்ட் இழுக்கும். சீரிஸ் பல்பில் மாட்டும்போது அந்தக் காயிலின் பிளக்கைப் போர்டிலிருந்து கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஷார்ட் இல்லாத செட்டிலும் பல்பு பளிச்சென்று எரிந்து உங்களைக் குழப்பும்.

ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்தால் நல்லது. வீட்டு ஸ்டெபிலைசர் அதற்குப் பதில் ஆகாது. அது வோல்டேஜை மட்டும்தான் சரிசெய்கிறது, மெயின் லைனிலிருந்து பிரிப்பதில்லை.

திரை என்ன சொல்கிறது

முதலில் வெளியே பாருங்கள். அனலாக் கேபிள் போய்விட்டது. இன்று பெட்டி டிவிக்குப் படம் செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. வயரில்தான் வருகிறது. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைந்தால் செட் ஏ.வி.க்கு மாறவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். கறுப்பு வெள்ளையாக வந்தால் பாக்ஸின் மெனுவில் நம் ஊர் டிவிகளின் கலர் முறையான பி.ஏ.எல். என்று இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால் ஏ.வி.க்கு மாற்றும் சின்னக் கன்வெர்ட்டர் வேண்டும். இவ்வளவையும் பார்த்த பிறகுதான் ஸ்குரூவில் கை வைக்க வேண்டும்.

அடுத்து, செட்டைப் போட்டுவிட்டுக் கவனியுங்கள். முன்பக்கச் சிவப்பு விளக்கு எரிகிறதா? சத்தம் வருகிறதா? முழங்கையின் பின்பக்கத்தைத் திரைக்கு அருகே கொண்டு போனால் ரோமம் சிலிர்க்கிறதா? சிலிர்த்தால் இ.எச்.டி. வந்துவிட்டது, அதாவது பவர் சப்ளையும், படத்தைப் பக்கவாட்டில் விரித்து இ.எச்.டி.யையும் உண்டாக்கும் லைன் பகுதியும் வேலை செய்கின்றன. பின்மூடியின் துளை வழியாகப் பார்த்தால் கழுத்துக்குள் ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் கனல்கிறதா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்தால் தேடும் இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

எதுவுமே இல்லையென்றால் பவர் சப்ளை. விளக்கு எரிந்தும் சிலிர்ப்பு இல்லை என்றால் லைன் பகுதி. சிலிர்ப்பும் சத்தமும் உண்டு, படம் இல்லை என்றால் ஹீட்டர், டியூபின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ஸ்கிரீன் வோல்டேஜ், டியூபின் கழுத்து முனையில் செருகிய கழுத்துப் போர்டு. நடுவில் படுக்கையாக ஒரே ஒரு வெள்ளைக்கோடு என்றால் வெர்டிகல், அதாவது படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் பகுதி.

மூடியைத் திறந்ததும்: டிரை சால்டர்

பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பல்லி செத்துக் காய்ந்து கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டு அந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். பல்லியும் கரப்பானும் வெதுவெதுப்பைத் தேடி வருபவை, ஆகவே சூடாகும் பாகங்களின் பக்கம்தான் கிடக்கும். அவற்றின் எச்சம் செம்புத் தடத்தை அரித்துவிடும்.

பிறகு போர்டைத் திருப்பி, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து ஈயப்புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல புள்ளி பளபளவென்று கூம்பாக இருக்கும். டிரை சால்டர் ஆன புள்ளியில் காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் தெரியும். மேல்பக்கத்திலிருந்து அந்தப் பொருளை லேசாக அசைத்தால் வளையத்துக்குள் கால் மட்டும் தனியாக ஆடும். பல வருடம் சூடாகிக் குளிர்ந்து விரிந்து சுருங்கியதில் வந்த விரிசல் அது. எல்.ஓ.டி.யின் (ஆனோடு வயர் கிளம்பும் லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்) கால்கள், லைன் டிரான்சிஸ்டரை இயக்கும் லைன் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர், யோக் (டியூபின் கழுத்தைச் சுற்றிய செம்புக் காயில்) பிளக், வெர்டிகல் ஐ.சி., பவர் சப்ளையில் ஹீட்சிங்க்கில் திருகிய பொருள்கள், கழுத்துப் போர்டின் சாக்கெட் ஆகிய இடங்களில் கட்டாயம் தேடுங்கள். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். பழையதன் மேலேயே புதியதைப் பூசினால் அடியில் துரு இருந்து மறுபடி விட்டுப்போகும்.

தட்டினால் படம் வருகிறது, சூடானதும் போகிறது என்று வரும் செட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும். அதனால் எந்தப் பழுதாக இருந்தாலும் இதை முதலில் செய்துவிடுவது நல்லது. செலவு கொஞ்சம் ஈயம்தான்.

சுத்தமாக உயிரே இல்லை

ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி கறுத்துப்போய் இருந்தால் உள்ளே ஷார்ட் நிச்சயம். இழை மட்டும் மெலிதாக அறுந்திருந்தால் வோல்டேஜ் ஏற்றத்தில் போயிருக்கலாம். புதிதாகப் போடும்போது அதே ஆம்பியரில், அதே டைம்-லேக் வகையில் போடுங்கள். சிகரெட் தாள் சுற்றுவதும் செம்புக் கம்பி கட்டுவதும் வேண்டாம்.

ஃபியூஸ் கறுத்த செட்டில் புது ஃபியூஸைப் போட்டு, டிகாசிங் பிளக்கைக் கழற்றிவிட்டு சீரிஸ் பல்பில் மாட்டுங்கள். பல்பு மங்கிவிட்டால் டிகாசிங்கோடு சேர்ந்த பி.டி.சி. என்ற சின்னக் கறுப்புப் பெட்டிதான் திருடன், அதை மாற்றினால் போதும். பல்பு இன்னும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் பிளக்கைப் பிடுங்கி, சார்ஜை இறக்கிவிட்டு, பிரிட்ஜின் நான்கு டயோடுகளையும் மீட்டரின் டயோடு ரேஞ்சில் அளங்கள். இரண்டு பக்கமும் பீப் என்றால் அது ஷார்ட். அவை நன்றாக இருந்தால் அடுத்தது பவர் சப்ளையின் ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர் அல்லது பவர் ஐ.சி. அது ஷார்ட் ஆகியிருந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு நேரடியாக லைனில் போடக் கூடாது. அதைச் சுற்றியுள்ள சின்ன ரெசிஸ்டன்ஸ்கள், டயோடுகள், சின்ன எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் பார்த்த பிறகு, மறுபடி சீரிஸ் பல்பு.

ஃபியூஸ் நன்றாக இருந்து, மெயின் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் வந்தும் செட் எழவில்லையா? ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள். 300 வோல்ட்டிலிருந்து ஸ்விட்சிங் டிரான்சிஸ்டருக்கோ ஐ.சி.க்கோ முதல் உதைப்பைக் கொடுப்பது அது. 100 கிலோ ஓமுக்கு மேற்பட்ட மதிப்பில், சில செட்டில் இரண்டு ரெசிஸ்டன்ஸை வரிசையாகப் போட்டிருப்பார்கள். பார்க்க நன்றாகவே இருக்கும், அளந்தால் ஓப்பன். சில ரூபாய்க்குள் முடிகிற வேலை. அது சரியென்றால் பக்கத்தில் இருக்கும் 10, 22, 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர்கள். இருபது வருடச் சூட்டில் காய்ந்து போயிருக்கும். அளந்து நேரத்தை வீணாக்குவதை விட மொத்தமாக மாற்றுவதே மேல். புதியது 105 டிகிரி வகையாக இருக்கட்டும்.

அளக்கும்போது மீட்டரின் கறுப்பு வயரை எங்கே வைப்பது என்பதில் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை குழம்புவார்கள். பவர் சப்ளையின் முன்பாதிக்கு ஒரு எர்த், பின்பாதிக்கு வேறு எர்த். முன்பாதியை அளக்க மெயின் கண்டென்சரின் மைனஸ் காலில் வையுங்கள். இது லைனோடு நேரடித் தொடர்பு உள்ள சூடான எர்த், கையால் தொடக் கூடாது. பின்பாதியை அளக்க, ஆன்டெனா வயர் மாட்டும் டியூனரின் தகரப்பெட்டியில் வையுங்கள். இடம் மாறினால் எல்லா அளவும் பொய்யாக வரும். ஏ.வி. சாக்கெட்டே இல்லாத மிகப் பழைய சில செட்டுகளில் சேசிஸ் முழுவதுமே சூடான எர்த்தாக இருக்கும். அவற்றை ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொட வேண்டாம்.

விளக்கு எரிகிறது, செட் எழவில்லை

பெட்டி டிவியில் அதிகம் உழைப்பது லைன் பகுதி, அதிகம் சாவதும் அதுவே. நொடிக்கு 15,625 தடவை எலக்ட்ரான் கற்றையை இடமிருந்து வலமாக இழுப்பதும், அதே துடிப்பிலிருந்து எல்.ஓ.டி. வழியாக 25,000 வோல்ட்டை எடுப்பதும் ஒரே ஒரு டிரான்சிஸ்டரின் வேலை. அதை லைன் டிரான்சிஸ்டர் என்பார்கள். பி.யூ.508, டி.1555 போன்ற எண்கள் கண்ணில் படும். எல்.ஓ.டி.க்குப் பக்கத்தில் ஹீட்சிங்க்கில் திருகியிருக்கும்.

பவர் சப்ளையிலிருந்து அதற்கு வரும் டி.சி. வோல்டேஜின் பெயர் பி பிளஸ். 14 முதல் 21 அங்குலம் வரையிலான செட்டுகளில் பெரும்பாலும் 103 முதல் 130 வோல்ட்டுக்குள் இருக்கும். போர்டிலேயே அச்சிட்டிருந்தால் அதுதான் சரியான அளவு. 160 வோல்ட் எழுதிய, 100 மைக்ரோஃபாரட் அளவிலான கண்டென்சரின் மேல் அளந்து பார்க்கலாம். செட் ஓடும்போது லைன் டிரான்சிஸ்டரின் நடுக்காலில் மட்டும் மீட்டரை வைத்துவிடாதீர்கள். அங்கே வருவது ஆயிரம் வோல்ட் அளவிலான துடிப்பு, மீட்டர் போய்விடும். ஆனோடை அளக்கவும் சாதாரண மீட்டர் ஆகாது.

பி பிளஸ் பூஜ்யம், அல்லது பவர் சப்ளை டிக் டிக் என்று விட்டுவிட்டுத் துடிக்கிறது என்றால் முதல் சந்தேகம் இந்த டிரான்சிஸ்டர் மேல். பிளக்கைப் பிடுங்கி நடுக்காலுக்கும் வலதுகாலுக்கும் ஓம் பாருங்கள். இரண்டு திசையிலும் பூஜ்யத்துக்குப் பக்கம் காட்டினால் கழற்றி மறுபடி அளங்கள். இடதுகாலுக்கும் வலதுகாலுக்கும் இடையே போர்டில் இருக்கும்போது ஷார்ட் போலத்தான் காட்டும், டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று குறுக்கே இருப்பதால். அதை வைத்து டிரான்சிஸ்டரைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது. உள்ளேயே டயோடு வைத்த வகைகளில், கழற்றிய பிறகும் அந்தக் கால்களுக்கு இடையே சில பத்து ஓம் காட்டும். அதுவும் பழுது இல்லை.

டிரான்சிஸ்டர் ஷார்ட் என்று தெரிந்துவிட்டது. அவசரப்பட்டுப் புதியதைப் போட்டால் சில நொடியில் அதுவும் போகும். இந்த டிரான்சிஸ்டர் தானாகச் சாவது அபூர்வம், ஏதோ ஒன்று அதைக் கொன்றிருக்கிறது. கொலையாளியைத் தேடும் வரிசை:

பழைய டிரான்சிஸ்டரைக் கழற்றிய நிலையில், பி பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் குறுக்கே 60 வாட் குண்டு பல்பைச் சுமையாக வைத்து செட்டைப் போடுங்கள். பல்பு மங்கலாக எரிய வேண்டும், பி பிளஸ் சரியான அளவில் அசையாமல் நிற்க வேண்டும். 115 வர வேண்டிய இடத்தில் 150 வந்தால் பவர் சப்ளையின் கட்டுப்பாடு கெட்டுவிட்டது. முதலில் அங்கே கண்டென்சர்களையும், பின்பாதியின் வோல்டேஜ் நிலவரத்தை ஒளி வழியாக முன்பாதிக்குச் சொல்லும் ஆப்டோகப்ளரையும் பாருங்கள்.

அடுத்து, டிரான்சிஸ்டரின் நடுக்காலிலிருந்து எர்த்துக்கு 1,600 அல்லது 2,000 வோல்ட் எழுதிய கண்டென்சர் ஒன்று இருக்கும். 5 முதல் 10 நானோஃபாரட் அளவில் இருக்கும் இதன் மதிப்பு குறைந்தால் இ.எச்.டி. எகிறும், டிரான்சிஸ்டர் சாகும், டியூபுக்கே ஆபத்து. இதை மாற்றும்போது அதே மதிப்பு, அதே வோல்ட், அதே வகை. கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றக் கூடாத ஒரே பாகம் என்று இதைச் சொல்வேன்.

அப்புறம் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரின் கால்களில் டிரை சால்டர். டிரைவ் விட்டுவிட்டு வந்தால் டிரான்சிஸ்டர் அரைகுறையாகத் திறந்து சூடாகிச் சாகும். மேலே சொன்ன சால்டர் வேலையைச் செய்திருந்தால் இது தீர்ந்திருக்கும்.

இத்தனையும் சரி, புது டிரான்சிஸ்டரை மாட்டி சீரிஸ் பல்போடு போட்டாலும் பல்பு பளிச்சென்று எரிகிறது, டிரான்சிஸ்டர் கொதிக்கிறது என்றால் எல்.ஓ.டி. உள்ளே ஷார்ட். உடம்பில் விரிசலோ உப்பலோ தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். யோக் பிளக்கைக் கழற்றிவிட்டு ஒரு கணம் மட்டும் போட்டுப் பார்த்து யோக் மேல் குற்றமா என்று பிரித்துக்கொள்ளலாம். எல்.ஓ.டி. வாங்கும்போது அதன் மேல் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் பழைய எண்களுக்கும் தேடினால் கிடைக்கலாம். வெளியூர்களில் பழைய சர்வீஸ் கடைகளில் குப்பையாகக் கிடக்கும் போர்டுகள்தான் புதையல். லைன் டிரான்சிஸ்டரில் போலி நிறைய, எழுத்து மட்டும் அசலாக இருக்கும். பழைய போர்டிலிருந்து கழற்றிய நல்ல அசல், கடையில் வாங்கிய மலிவுப் புதியதை விட நீடிக்கும் என்பது என் கணிப்பு. மாட்டும்போது மைக்கா தாளையும் வெள்ளை ஹீட்சிங்க் பசையையும் மறக்க வேண்டாம்.

ஒன்று விட்டுப்போனது. பி பிளஸ் வருகிறது, டிரான்சிஸ்டரும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் செட் ஸ்டாண்ட்பையிலேயே நிற்கிறது என்றால் முன்பக்க பட்டன்களைச் சந்தேகியுங்கள். ஈரத்தில் லீக் ஆன ஒரு பட்டன், எப்போதும் அழுத்தியிருப்பதாகச் செட்டை நம்ப வைக்கும். தானாக வால்யூம் ஏறுவது, தானாகச் சேனல் மாறுவதும் இதனால்தான். எல்லாப் பட்டனையும் மாற்றிவிடுங்கள்.

நடுவில் ஒரே கோடு

படுக்கைக் கோடு வந்ததும் வெளிச்சத்தைக் குறையுங்கள். ஒரே இடத்தில் கற்றை விழுந்தால் பாஸ்பர் கருகி, பழுது சரியான பிறகும் அந்தக் கோடு நிழலாக நிற்கும்.

முதலில் வெர்டிகல் ஐ.சி.யின் கால்களில் புது ஈயம். பிறகு அதன் சப்ளை. எல்.ஏ.7840 போன்ற ஐ.சி.க்களுக்கு 24 வோல்ட் அளவில் எல்.ஓ.டி.யிலிருந்து ஒரு டயோடு, ஒரு சின்ன ஃபியூஸிபிள் ரெசிஸ்டன்ஸ் வழியாக வரும். அந்த ரெசிஸ்டன்ஸ் ஓப்பன் என்றால் பெரும்பாலும் ஐ.சி. ஷார்ட், இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். சப்ளை வந்தும் கோடுதான் என்றால் யோக் பிளக், வெர்டிகல் சுற்றின் தொடர்ச்சி, அப்புறம் ஐ.சி.

படம் மேலே மடிந்து விழுகிறது, மேற்பகுதியில் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன என்றால் ஐ.சி.யை ஒட்டி நிற்கும் 100 மைக்ரோஃபாரட் பூஸ்ட் கண்டென்சர். படத்தின் உயரம் மட்டும் குறைந்தாலும் இதே பகுதியின் கண்டென்சர்களையே மாற்றுங்கள். ஐ.சி. வாங்க ஓட வேண்டாம்.

கோடு செங்குத்தாக இருந்தால் அது வேறு கதை: யோக்கின் ஹரிசாண்டல் பக்கம் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. யோக் பிளக்கின் கால்கள் கருகியிருக்கும், அங்கேயே தேடுங்கள்.

நிறம் கெட்டால்

படம் முழுக்க மஞ்சளாக இருந்தால் நீலம் வரவில்லை. நீலப்பச்சையாக இருந்தால் சிவப்பு இல்லை. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்தது போல இருந்தால் பச்சை இல்லை. கழுத்துப் போர்டில் மூன்று நிறத்துக்கும் ஒரே மாதிரி மூன்று டிரான்சிஸ்டர் சுற்றுகள் இருக்கும், அதனால் நல்லதோடு கெட்டதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மூன்று கேத்தோடிலும் (ஒவ்வொரு நிறத்துக்கும் எலக்ட்ரான் கற்றை கிளம்பும் முனை) வோல்டேஜ் ஏறத்தாழ ஒன்றாக, நூறுக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அதிகமானால் அந்த நிறம் மங்கும், குறைந்தால் அந்த நிறம் திரையை நிரப்பிக்கொண்டு சாய்ந்த கோடுகளோடு எரியும். மூன்றும் ஒன்றாகக் குறைந்து திரை வெள்ளையாகக் கொதித்தால், கழுத்துப் போர்டுக்கு வரும் 180 வோல்ட் அளவிலான சப்ளை நின்றுவிட்டது. அதன் டயோடையும் 250 வோல்ட் கண்டென்சரையும் பாருங்கள்.

மூலையில் மட்டும் பச்சை, ஊதா என்று திட்டுத்திட்டாக நின்றால் ஸ்பீக்கரோ இன்வெர்ட்டரோ பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து நகர்த்துங்கள். செட்டை அணைத்து அரைமணி ஆறவிட்டுப் போடுங்கள், டிகாசிங் குளிர்ந்த நிலையில்தான் முழுதாக வேலை செய்யும். அப்படியும் போகவில்லை என்றால் பி.டி.சி.யை மாற்றுங்கள்.

படம் மங்கலாகத் தொடங்கிச் சில நிமிடத்தில் தெளிவானால் கழுத்து சாக்கெட்டில் ஈரம் ஏறியிருக்கிறது. மழைக்காலத்தில் அதிகம் வரும். எல்.ஓ.டி.யில் இரண்டு திருகுகள் இருக்கும், மேலே இருப்பது பெரும்பாலும் ஃபோகஸ், கீழே ஸ்கிரீன். ஃபோகஸைத் திருப்பியும் தெளிவு நிலைக்காவிட்டால் சாக்கெட்டை மாற்றுங்கள். ஸ்கிரீனைக் கண்டபடி திருப்பாதீர்கள்: வெளிச்சத்துக்காக ஏற்றினால் டியூப் சீக்கிரம் தேயும். ஆனோடு தொப்பியைச் சுற்றிச் சிடுசிடு என்ற சத்தமும் காட்டமான வாடையும் வந்தால், சார்ஜை இறக்கிவிட்டு ரப்பரின் உட்புறத்தையும் கண்ணாடியையும் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

எங்கே நிறுத்துவது

படம் வர ஐந்து பத்து நிமிடம் ஆகிறது, வந்தாலும் வெள்ளையான இடங்கள் வெள்ளிப்பூச்சு போல வழிகின்றன என்றால் டியூப் தேய்ந்துவிட்டது. ஹீட்டர் வோல்டேஜை ஏற்றும் பூஸ்டரால் உயிர் கொடுப்பவர்கள் உண்டு, சில மாதம் ஓடலாம். டியூபை மாற்றுவதற்குச் செலவழிப்பதை விட நல்ல டியூபுள்ள இன்னொரு பழைய செட்டைத் தேடுவது மலிவு. போர்டு கருகியோ தண்ணீர் புகுந்தோ போயிருந்து டியூபும் யோக்கும் நன்றாக இருந்தால், முழு போர்டையும் எடுத்துவிட்டு சைனா கிட் என்ற பொதுவான மாற்றுப் போர்டைப் போடுவது மெக்கானிக்குகளின் வழக்கம். யோக் பொருந்தாவிட்டால் படத்தின் அகலம் சரிவராது, லைன் டிரான்சிஸ்டரும் சூடாகும். முதல் வேலையாக இதைத் தொட வேண்டாம்.

கழிக்கிற டியூபை உடைக்கக் கூடாது. கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, உடைந்தால் சில்லுகள் தெறிக்கும். மின்கழிவு எடுப்பவர்களிடம் முழுதாகக் கொடுங்கள்.

பழுது முடிந்த செட்டை முதலில் சீரிஸ் பல்பில், பிறகு நேரடி லைனில் போடுங்கள். பத்து நிமிடம் ஓடியதும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆனோடையும் மெயின் கண்டென்சரையும் மறுபடி இறக்கிவிட்டு லைன் டிரான்சிஸ்டரின் ஹீட்சிங்க்கைத் தொடுங்கள். கை வைத்திருக்க முடிகிற வெதுவெதுப்பு சரி, விரலை இழுக்க வைக்கும் சூடு என்றால் காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது. சூடு சரியாக இருந்தால் டிகாசிங் பிளக்கை மறக்காமல் மாட்டி, ஆனோடு வயர் ஹீட்சிங்க்கைத் தொடாமல் ஒதுக்கிக் கட்டி, மூடியைப் போட்டு இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடவிடுங்கள். டிரை சால்டர் மிச்சம் இருந்தால் இந்த இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடும்.